முட்டித் தேய்மானத்தோடு நடக்கப் பழகியது: யாரும் சொல்லாத அந்த அளவு

வலது முழங்காலுக்காகப் பதினான்கு மாதத்தில் 52,400 ரூபாய் செலவாகியிருக்கிறது. தையல் கணக்கு எழுதும் நோட்டின் கடைசிப் பக்கத்தில் அவ்வப்போது குறித்து வைத்ததால் தொகை சரியாகத் தெரியும். முட்டிக்குள் போடும் ஜெல் ஊசி 18,000, ஜவ்வுக்கு நல்லது என்று எட்டு மாதம் விழுங்கிய குளுக்கோசமைன் மாத்திரை 10,400, எம்.ஆர்.ஐ. 7,000, மூலிகைப் பொடியும் எண்ணெயும் 4,500, காலுக்குப் பொருந்தாத ஷூ 4,500, பிசியோதெரபி 3,000, டாக்டர் பீஸ் 2,500, காந்த பெல்ட் 1,800, எக்ஸ்ரே 700. இதில் எனக்கு நடையைத் திருப்பிக் கொடுத்தது எக்ஸ்ரேயும் பிசியோதெரபியும்தான். கூடவே, இந்தக் கணக்கில் சேர்க்காத 400 ரூபாய்க் கைத்தடி ஒன்று. மற்றதெல்லாம் பயத்தில் கொடுத்த காசு. அந்தப் பயத்தில் யாராவது பக்கத்தில் உட்கார்ந்து பத்து நிமிடம் விவரமாகச் சொல்லியிருந்தால் இவ்வளவு தூரம் போயிருக்காது. அதனால்தான் எழுதுகிறேன்.

ஆரம்பம் எல்லோருக்கும் வருவது போலத்தான். மாடியிலிருந்து இறங்கும்போது முட்டியில் கடகடவென்று சத்தம், பிறகு வலி, பிறகு தரையில் உட்கார்ந்தால் கையூன்றாமல் எழ முடியாத நிலை. எக்ஸ்ரேயைப் பார்த்துவிட்டு "தேய்மானம் ஆரம்பிச்சிருக்கு. மாடி ஏறாதீங்க, கீழே உட்காராதீங்க, நடையைக் குறைச்சுக்கோங்க" என்று சொல்லி அனுப்பினார்கள். எவ்வளவு குறைப்பது, எத்தனை நாளைக்கு என்று நானும் கேட்கவில்லை, அவர்களும் சொல்லவில்லை. நடையை அடியோடு நிறுத்தினேன். ஐந்து மாதம். வலி குறையவில்லை, நாலு கிலோ எடை கூடியது. ஒருநாள் ஜாக்கெட் அளவெடுக்கும் இஞ்ச் டேப்பை என் தொடையிலேயே வைத்துப் பார்த்தேன். முட்டிச் சில்லுக்கு மேலே நாலு விரற்கடை தள்ளிச் சுற்றளவு இடது பக்கம் 17¾, வலது பக்கம் 16¾. ஒரு அங்குலம் சதை போயிருந்தது. அன்று ராத்திரி தூக்கமே வரவில்லை.

அந்த ஒரு அங்குலம் ஏன் முக்கியம் என்று பின்னால்தான் விளங்கியது. எலும்பு நுனியில் வழவழப்பாக மூடியிருக்கும் குருத்தெலும்புக்கு (நம் ஊரில் எல்லோரும் ஜவ்வு என்போம்) ரத்தக்குழாய் கிடையாது. கால் ஊன்றும்போது அது பஞ்சு மாதிரி அமுங்கி, காலை எடுக்கும்போது விரிந்து, மூட்டுக்குள் இருக்கும் நீரிலிருந்து தனக்கு வேண்டிய சத்தை எடுத்துக்கொள்கிறது. கால் அசையாவிட்டால் அந்த ஓட்டம் குறைந்துபோகும். இன்னொரு பக்கம், நடக்கும்போது விழும் அதிர்வில் பெரும் பங்கைத் தாங்குவது தொடையின் முன்பக்கத் தசை. அது மெலிந்தால் மூட்டில் இறங்கும் பளு கூடும். அதனால் வலிக்குப் பயந்து ஓய்வு எடுக்க எடுக்க, நடக்கும் அந்தக் கொஞ்ச தூரமும் இன்னும் அதிகமாக வலிக்கும். நான் ஐந்து மாதம் இந்தச் சுழலில்தான் கிடந்தேன்.

நடக்கத் தொடங்கும் முன் ஒன்றைத் தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள்: உங்களுடையது தேய்மானம்தானா? காலையில் எழுந்ததும் மூட்டு இறுகியிருந்து, அரை மணி நேரத்துக்குள் இளகிவிட்டால் பெரும்பாலும் தேய்மானம். ஒரு மணி நேரத்துக்கு மேல் இறுக்கம் இருந்து, இரண்டு கை விரல் மூட்டுகளும் சேர்ந்து வீங்கினால் அது முடக்குவாதமாக (ருமட்டாய்டு ஆர்த்ரைட்டிஸ்) இருக்கலாம். அதற்கு வாதநோய் மருத்துவரைப் பார்த்து ரத்தப் பரிசோதனை செய்து, தனி மருந்து தொடங்க வேண்டும். தாமதித்தால் மூட்டே உருக்குலைந்துவிடும். யூரிக் அமிலம் ஏறி வரும் வலியும், சிக்குன்குனியா வந்துபோன பிறகு மாதக்கணக்கில் நிற்கும் வலியும் வேறு கணக்கு. எக்ஸ்ரே எடுக்கும்போது நின்றபடி எடுக்கச் சொல்லிக் கேளுங்கள். படுத்துக்கொண்டு எடுத்தால் எலும்புகளுக்கு நடுவே உண்மையில் எவ்வளவு இடைவெளி மிச்சம் இருக்கிறது என்பது சரியாகத் தெரியாது. தேய்மானம் எவ்வளவு என்று 1 முதல் 4 வரை கிரேடு சொல்வார்கள்; எண் கூடக்கூடத் தேய்மானம் அதிகம். அந்த எண்ணைக் கேட்டு இடிந்துபோக வேண்டாம். படத்தில் தெரியும் தேய்மானமும் படுகிற வலியும் பல நேரம் ஒத்துப்போவதில்லை. கிரேடு 3 வைத்துக்கொண்டு சந்தைக்கு நடந்து போகிறவர்களும் உண்டு, கிரேடு 2-இல் படுத்துவிட்டவர்களும் உண்டு. முட்டி பூட்டிக்கொள்வது, அடிபட்டு வீங்குவது போன்ற காரணம் இல்லாமல் சாதாரணத் தேய்மானத்துக்கு எம்.ஆர்.ஐ. தேவையில்லை. என் 7,000 ரூபாய் புதிதாக எதையும் சொல்லவில்லை.

ஓய்வு கைகொடுக்கவில்லை என்றதும் நேர் எதிர்த் திசைக்குப் போனேன். எட்டு போட்டு நடந்தால் முட்டிவலி பறந்துபோகும் என்று தெருவில் ஒரு அக்கா சொன்னார். மொட்டை மாடியில் சாக்பீஸால் ஆறடிக்குப் பத்தடி எட்டு வரைந்து, முதல் நாளே 45 நிமிடம் நடந்தேன். மறுநாள் காலையில் முட்டி தேங்காய் மாதிரி வீங்கியிருந்தது. பத்து நாள் காலை ஊன்ற முடியவில்லை. பயந்துபோய் ஜெல் ஊசி போட்டுக்கொண்டதும் அப்போதுதான். எட்டு நடையைக் குறை சொல்லவில்லை. மூட்டு நன்றாக இருப்பவர்களுக்கு நல்லதுதான். ஆனால் கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு எட்டுக்கு 12 வினாடி என்றால் 45 நிமிடத்தில் 225 எட்டு, அதாவது 450 திருப்பம். சின்ன எட்டில் ஒவ்வொரு திருப்பத்திலும் பாதம் தரையில் பதிந்திருக்க, மேலே உடம்பு திரும்புகிறது. அந்த முறுக்கு முழுவதும் முட்டிக்குள்தான் விழும். தேய்ந்த முட்டிக்கு நேர்கோட்டு நடைதான் முதல் மருந்து. எட்டு போட்டே ஆக வேண்டும் என்றால் நீளம் இருபதடிக்குக் குறையாமல் வரைந்து, காலை எடுத்து எடுத்து வைத்துத் திரும்புங்கள். குதிகாலில் நின்றபடி சுழலாதீர்கள்.

பிசியோதெரபிஸ்ட் அம்மா முதல் நாள் என்னை நடக்கவே விடவில்லை. மூன்று வாரம் தசைக்கு மட்டும் வேலை கொடுத்தார். ஒரு துண்டைச் சுருட்டி முட்டிக்கு அடியில் வைத்து, முட்டியால் துண்டை நசுக்குவது போல அழுத்தி, ஐந்து எண்ணி விடுவது, பத்து முறை. அடுத்து மல்லாந்து படுத்து, நல்ல காலை மடக்கி ஊன்றிக்கொண்டு, வலிக்கிற காலை நீட்டியபடியே ஒரு அடி உயரம் தூக்கி, ஐந்து எண்ணி மெதுவாக இறக்குவது; பத்து பத்தாக இரண்டு தடவை. ஒருக்களித்துப் படுத்து மேல் காலைப் பக்கவாட்டில் தூக்குவது. இது இடுப்புத் தசைக்கு. நடக்கும்போது உடம்பு ஒரு பக்கமாகச் சாய்கிறவர்களுக்கு இதுதான் ரொம்ப முக்கியம். கடைசியாகப் பிளாஸ்டிக் நாற்காலியில் ஒரு தலையணை போட்டு உயரத்தைக் கூட்டிக்கொண்டு, கையூன்றாமல் எழுந்து உட்காருவது. முதலில் ஐந்து முறை, பிறகு பத்து. எழும்போது வலித்தால் இன்னொரு தலையணை போடுங்கள். நாள் ஆக ஆக ஒவ்வொன்றாக எடுத்துவிடலாம். இதில் இரண்டு தப்பு எல்லோரும் செய்வார்கள். மூச்சைப் பிடித்துக்கொள்வது ஒன்று. ரத்த அழுத்தம் ஏறும், அதனால் வாய்விட்டு எண்ணுங்கள். முட்டியைக் கவனித்துக்கொண்டு இடுப்பைத் தூக்குவது இன்னொன்று. கீழ்முதுகு தரையோடு படிந்திருக்க வேண்டும். ஆறு வாரம் கழித்து டேப்பை வைத்தபோது 17¼ காட்டியது. ஊசி போட்டபோது வராத நம்பிக்கை அந்த அரை அங்குலத்தில் வந்தது.

நடைக்கு வருகிறேன். எங்கள் மதுரையில் வண்டியூர் மாரியம்மன் தெப்பக்குளம் இதற்கென்றே அளவெடுத்துக் கட்டியது போல இருக்கிறது. திருமலை நாயக்கர் 1645-இல் வெட்டியது, 305 மீட்டருக்கு 290 மீட்டர். ஒரு பக்கம் சுமாராக 300 மீட்டர், முழுச் சுற்று 1.2 கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவு. மெதுவாக நடந்தால் ஒரு பக்கத்துக்கு ஐந்து நிமிடம் பிடிக்கும். உங்கள் ஊரிலும் இப்படி ஒரு இடத்தைப் பிடியுங்கள்: தரை சமமாக இருக்க வேண்டும், இடையிடையே உட்கார ஏதாவது வேண்டும், தூரம் கண்ணுக்குத் தெரிய வேண்டும். நான் செய்த முதல் தப்பு, ஒரு பக்கம் முழுக்க நடந்துவிட்டு, அந்த ஐந்து நிமிடம் திரும்பி வரவும் வேண்டும் என்பதை மறந்தது. போகும்போது வலி இல்லை. திரும்பும்போது நடுவழியில் நின்றுவிட்டேன். மொத்தம் ஐந்து நிமிடம் என்றால் இரண்டரை நிமிடத்தில் திரும்பிவிட வேண்டும்.

முதல் வாரம் ஐந்து ஐந்து நிமிடமாக ஒரு நாளைக்கு மூன்று தடவை: காலையில், மத்தியானம் வீட்டுக்குள், சாயங்காலம். ஒரேயடியாகப் பதினைந்து நிமிடம் நடப்பதைவிட இது மூட்டுக்கு இதம். எவ்வளவு கூட்டலாம் என்பதை அன்றைய உற்சாகத்தை வைத்து முடிவு செய்யாதீர்கள்; மறுநாள் காலையில் முட்டி என்ன சொல்கிறது என்று பாருங்கள். வலிக்குப் பத்துக்கு எத்தனை மார்க் என்று மனதுக்குள் போட்டுக்கொள்ளுங்கள். நடக்கும்போது மூன்று வரை வந்தால் பயப்பட வேண்டாம், அதனால் மூட்டு கெட்டுவிடாது. நாலு, ஐந்து என்றால் வேகத்தைக் குறைத்துத் திரும்புங்கள். அதற்கு மேல் போனால் உட்காருங்கள். நடந்து வந்த பிறகு கூடிய வலி இருபத்து நாலு மணி நேரத்துக்குள் பழைய நிலைக்கு வந்துவிட்டால் அந்த அளவு சரி. மறுநாள் இறுக்கம் கூடுதலாக இருந்தாலோ, முட்டிச் சில்லின் நடுவில் டேப் வைத்தால் வழக்கத்தைவிடக் கால் அங்குலம் கூடியிருந்தாலோ, முந்தின நாள் அதிகம் என்று அர்த்தம். அன்றைக்கு நடையைப் பாதியாக்குங்கள், நிறுத்த வேண்டாம். இரண்டு மூன்று நாள் முட்டி அமைதியாக இருந்தால் தடவைக்கு ஒரு நிமிடம் கூட்டலாம். நேரத்தையும் வேகத்தையும் ஒரே வாரத்தில் கூட்டாதீர்கள். வலித்தால் எதனால் என்று தெரியாமல் போகும். இப்படிப் போனால் இரண்டரை மூன்று மாதத்தில் ஒரே மூச்சில் இருபது நிமிடம் வரும். மெதுவாகத்தான் தோன்றும். ஆனால் நான் அவசரப்பட்ட ஒவ்வொரு முறையும் பத்து நாள் பின்னால் போனேன். உலக சுகாதார நிறுவனம் வாரத்துக்கு 150 நிமிடம் என்று சொல்வதை இரண்டாவது வருடத்துக்கான இலக்காக வைத்துக்கொண்டாலும் தவறில்லை. பத்தாயிரம் அடி என்பது 1960-களில் ஜப்பானில் அடி எண்ணும் கருவி ஒன்றுக்கு வைத்த பெயரிலிருந்து பரவியது. அதை முட்டி மேல் சுமத்த வேண்டாம்.

கிளம்பும் முன் நாற்காலியில் உட்கார்ந்து, காலைத் தொங்கவிட்டு இருபது முறை நீட்டி மடக்குங்கள். காலை நடை என்றால் எழுந்து அரை மணியாவது ஆகட்டும். வெந்நீரில் நனைத்த துண்டைப் பத்து நிமிடம் முட்டி மேல் போட்டால் சீக்கிரம் இளகும். அடி எட்டிப் போடாமல் கிட்டக் கிட்டப் போடுங்கள். எட்டி வைத்தால் முட்டி விறைத்த நிலையில் குதிகால் தரையில் மோதும், அந்த அதிர்வு நேராக மேலே ஏறும். தார் ரோட்டில் நடந்தால் இன்னொரு விஷயம்: ரோடு நடுவில் உயர்ந்து ஓரத்தில் சரிந்திருக்கும். எப்போதும் ஒரே ஓரத்தில் போனால் ஒரு கால் பள்ளத்திலேயே இருக்கும். குளத்தைச் சுற்றும்போதும் ஒரு நாள் இடமாக, ஒரு நாள் வலமாக என்று மாற்றிக்கொள்வேன்.

காலணிக்கு 4,500 ரூபாய் தேவையில்லை. அந்த ஷூவின் அடிப்பாகம் பின்னால் ரொம்ப உயரம், நடுவில் வளையவே இல்லை. பின்பக்க வாருள்ள, மெத்தென்ற அடிப்பாகம் கொண்ட எம்.சி.ஆர். செருப்போ, பாதம் மடங்கும் இடத்தில் வளைகிற, குதிகால் உயரமில்லாத எளிய ஷூவோ போதும். வார் இல்லாத ரப்பர் செருப்பு வேண்டாம்; நழுவாமல் இருக்க விரலால் இறுக்கிப் பிடித்தே நடப்போம், கால் முழுவதும் விறைக்கும். சாயங்காலம் போய் வாங்குங்கள், அப்போதுதான் பாதம் சற்று உப்பியிருக்கும். முன்னால் ஒரு கட்டைவிரல் அகலம் இடம் இருக்கட்டும். சர்க்கரை உள்ளவர்கள் ஒவ்வொரு நடைக்குப் பிறகும் உள்ளங்காலைப் பார்க்க வேண்டும். உணர்ச்சி குறைந்த காலில் கொப்புளம் வந்தாலும் தெரியாது.

கைத்தடியை நான் ஏழு மாதம் தள்ளிப்போட்டேன். வெட்கம்தான். ஐம்பத்தேழு வயதில் கிழவி ஆகிவிட்டேனா என்று அழுகை வந்தது. வாங்கிய அன்றே கூடுதலாக நாலு நிமிடம் நடந்தபோது அந்த ஏழு மாதத்தை நினைத்துத்தான் வருத்தமாக இருந்தது. தடியை வலிக்கிற காலுக்கு எதிர்க் கையில் பிடிக்க வேண்டும். வலது முட்டி என்றால் இடது கை. தடியும் வலிக்கிற காலும் ஒன்றாகத் தரையில் படவேண்டும். ஒரே பக்கம் பிடித்தால் உடம்பு அந்தப் பக்கமே சாய்ந்து, பளு கூடும். உயரத்துக்கு, நடக்கிற செருப்பைப் போட்டுக்கொண்டு நிமிர்ந்து நின்று கையைத் தொங்கவிடுங்கள். மணிக்கட்டு ரேகை எங்கே வருகிறதோ அங்கே பிடி இருக்க வேண்டும். அதிகம் உயரமானால் தோள் தூக்கும், குட்டையானால் முதுகு கூனும். பட்டன் வைத்து ஏற்றி இறக்கும் அலுமினியத் தடி நல்லது. அடியிலுள்ள ரப்பர் பூணை மாதம் ஒருமுறை திருப்பிப் பாருங்கள். வரிகள் தேய்ந்து மழமழவென்று ஆகிவிட்டால் ஈர மொசைக்கில் வழுக்கும். பூண் மட்டும் தனியாக விற்கிறார்கள்.

படிக்கட்டில் ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது வலிக்கிற கால் முதலில். கைப்பிடியை விடாதீர்கள். ஏறுவதைவிட இறங்குவதுதான் முட்டியைப் படுத்தும்.

மருந்து பற்றிச் சுருக்கமாக. டைக்ளோஃபெனாக் என்ற வலி மருந்து ஜெல்லை மேலே தடவுவது உண்மையிலேயே உதவும். பெரிய நெல்லிக்காய் அளவு எடுத்து முட்டியைச் சுற்றித் தடவ வேண்டும், அதன் மேல் ஒத்தடம் கூடாது. வலி மாத்திரை போட்டுக்கொண்டு அதிக தூரம் நடப்பது ஆபத்து. நிறுத்தச் சொல்லும் வலியே தெரியாமல் போய்விடும், பலன் மறுநாள் வீக்கமாக வரும். டாக்டரைக் கேட்காமல் மாதக்கணக்கில் சாப்பிட்டால் வயிற்றில் புண், சிறுநீரகக் கோளாறு, ரத்த அழுத்தம் என்று வேறு வினை வரும். குளுக்கோசமைனை 1,583 பேரிடம் சோதித்த பெரிய அமெரிக்க ஆய்வு 2006-இல் வெளிவந்தது. மொத்தத்தில் மருந்தே இல்லாத வெற்று மாத்திரையைவிடக் குறிப்பிடும்படி மேலாக இல்லை. எனக்கும் எட்டு மாதத்தில் ஒன்றும் தெரியவில்லை. பெயர் எழுதாத பொடி இரண்டே நாளில் வலியை மாயமாக்கினால் சந்தேகப்படுங்கள். சில பொடிகளில் ஸ்டீராய்டு கலக்கிறார்கள். முகம் உப்பும், சர்க்கரை ஏறும். திடீரென்று நிறுத்தினாலும் ஆபத்து என்பதால், அந்தப் பொடியைக் கையோடு டாக்டரிடம் கொண்டுபோய்க் காட்டுங்கள். எடை விஷயத்தில் ஒரு கணக்கு எனக்கு உதவியது: ஒரு கிலோ குறைந்தால், ஒவ்வோர் அடியிலும் முட்டி மேல் விழும் பளு சுமார் நாலு கிலோ குறைகிறது. ராத்திரி நாலு இட்லியை மூன்றாக்கி, சாயங்கால முறுக்கை விட்டதில் நாலரை கிலோ போனது.

இவ்வளவு கவனித்தும் சில நாள் முட்டி கோபித்துக்கொள்ளும். அன்றைக்கு ஐஸ் கட்டியை மெல்லிய துண்டில் சுற்றிப் பதினைந்து நிமிடம் வையுங்கள், காலைத் தலையணை மேல் உயர்த்துங்கள், துண்டை நசுக்கும் பயிற்சியை மட்டும் செய்யுங்கள். முட்டி சிவந்து சூடாகிக் காய்ச்சலும் வந்தாலோ, மடங்கிய கால் நீட்ட முடியாமல் பூட்டிக்கொண்டாலோ, ஊன்றும்போது முட்டி திடீரென்று விட்டுக்கொடுத்தாலோ, கெண்டைக்கால் ஒரு பக்கம் மட்டும் வீங்கி வலித்தாலோ வீட்டு வைத்தியம் பார்க்காமல் அன்றே டாக்டரிடம் போக வேண்டும்.

இப்போது காலையில் குளத்தை ஒரு முழுச் சுற்று, சாயங்காலம் மூன்று பக்கம். தேய்ந்தது வளரவில்லை, வளரப்போவதும் இல்லை. தரையில் சம்மணமிட்டு உட்காருவதை விட்டுவிட்டேன். இடையில் கல்யாணம், காய்ச்சல் என்று நடை விட்டுப்போகும். ஒரு வாரம் விட்டால் பாதி நேரத்திலிருந்து தொடங்குங்கள், மூன்று வாரத்துக்கு மேல் என்றால் மறுபடி ஐந்து நிமிடம்தான், தசைப் பயிற்சியோடு. போன மாதம் காய்ச்சலில் எனக்குப் பன்னிரண்டு நாள் போனது. பதின்மூன்றாம் நாள் தெப்பக்குளத்துக்குப் போய், இரண்டு பக்கம் முடிந்ததும் சுவரில் சற்று உட்கார்ந்துவிட்டு ஆட்டோ பிடித்து வீட்டுக்கு வந்தேன். மறுநாள் காலையில் டேப் வைத்துப் பார்த்தேன், கூடவில்லை.